நீறு பூத்த நெருப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியப் படையினரைப் புதிரொன்று வாட்டியது. பித்தளையால் செய்யப்பட்ட தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புக் கண்டன. எவரும் அவற்றைச் சுடவில்லை, கீழே போடவில்லை, சம்மட்டியால் தட்டவுமில்லை. கோடையில் குறையேதுமின்றிப் பளபளத்த உறைகள், மழை ஓய்ந்து எடுத்துப் பார்க்கும்போது கீறல் விட்டிருந்தன. பருவத்தோடு வந்த அந்த நோய்க்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயரிட்டனர்.

பெயர் வைத்தல் எளிது. காரணம் காணல் அரிது. காரணம் தெளிவாக விளங்குவதற்கு 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் தம் ஆய்வுரையில் விடையளித்தனர். மழைக்காலத்தில் தோட்டாக்கள் குதிரை இலாயங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக் காற்றில் கலந்து பித்தளையைத் தாக்கியது. ஆனால், அம்மோனியா மட்டுமே குற்றவாளியன்று. உறையைச் செய்யும்போது பித்தளையைச் சூடாக்காமலேயே அச்சில் இட்டு இழுத்து நீட்டினர். அந்த இழுப்பின் விளைவு, வேலை முடிந்த பின்னும் உலோகத்தின் உள்ளே தங்கிவிட்டது. உள்ளிருந்த விசையும் வெளியிலிருந்து வந்த வாயுவும் கைகோத்தபோதுதான் உறை பிளந்தது. இரண்டில் ஒன்று இல்லையெனினும் வெடிப்பு இல்லை. ஆகவே மருந்தும் எளிதாயிற்று. இழுத்து முடித்த உறையை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் உள்ளிருக்கும் விசை தளர்ந்துவிடும்.

நீறு பூத்த நெருப்பு என்பர் தமிழர். மேலே சாம்பல், உள்ளே கனல். உலோகத்தின் அகத்தே மறைந்து கிடக்கும் இவ்விசையும் அத்தகையதே. இதனை எந்திரவியலார் 'எச்சத் தகைவு' என்பர். கண்ணுக்குப் புலப்படாத இவ்விசையை மனிதன் எவ்வாறு அறிந்தான், எவ்வாறு அளந்தான், பின்னர் கணிப்பொறியின் துணைகொண்டு அதனை முன்கூட்டியே கணிக்க எவ்வாறு முனைந்தான் என்பது, அறிவியல் வரலாற்றின் சுவைமிக்க பகுதிகளுள் ஒன்றாகும்.

எச்சத் தகைவு என்பது யாது?

கயிறு இழுக்கும் போட்டியை எண்ணிப் பார்த்தால் இக்கருத்து எளிதில் விளங்கும். இரு அணியினரும் சம வலிமையுடையோர் எனின் கயிறு இப்பக்கமும் நகராது, அப்பக்கமும் நகராது. தொலைவில் நின்று நோக்குவார்க்குக் கயிறு ஓய்வாக இருப்பதாகவே தோன்றும். ஆயினும் கயிற்றின் ஒவ்வொரு புரியிலும் பெரும் இழுவிசை ஓடிக்கொண்டிருக்கிறது. கத்தி கொண்டு கயிற்றை அறுத்தால் அந்தக் கணமே இரு அணியினரும் மல்லாந்து விழுவர். அமைதிபோல் தோன்றியது அமைதியன்று. சமநிலையே என்பது அப்போது தெரியவரும்.

உலோகத் துண்டின் உள்ளேயும் இத்தகைய போட்டி நடைபெறலாம். புறத்தே எந்தச் சுமையும் இல்லாத நிலையில், ஒரு பகுதி இழுபட்டும் மற்றொரு பகுதி அமுக்கப்பட்டும், ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு நிற்கும். எச்சத் தகைவின் முதல் விதி இதுவே: ஓரிடத்தில் இழுவிசை இருந்தால், அதனை ஈடுசெய்யும் அமுக்கம் வேறோரிடத்தில் இருந்தே தீரும்.

இவ்விசை எப்போதும் பகையன்று. மேற்பரப்பில் இழுதகைவு இருந்தால் சிறு கீறலும் வாய் விரித்து வளரும். அமுக்கத் தகைவு இருந்தால் கீறலின் வாய் மூடிக்கொள்ளும். இதற்குக் கண்ணாடித் துளியைவிடச் சிறந்த சான்று இல்லை. உருகிய கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் சொட்டவிட்டால் தலைப்பிரட்டை போன்ற வடிவில் துளியொன்று உருவாகும். இங்கிலாந்துக்கு இதனைக் கொணர்ந்த இளவரசர் ரூப்பர்ட்டின் பெயராலேயே இது வழங்குகிறது. 1661ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்து அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். துளியின் தலையைச் சம்மட்டியால் அடித்தாலும் அது உடையாது. மெல்லிய வாலை விரலால் ஒடித்தாலோ துளி முழுவதும் ஒரு நொடியில் பொடிப்பொடியாகும்.

காரணம் யாது? நீரில் விழுந்ததும் துளியின் புறப்பகுதி முதலில் இறுகிவிடுகிறது. அகப்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்க முயலும்போது புறப்பகுதியைத் தன்பால் இழுக்கிறது. எனவே புறம் அமுக்கத்திலும் அகம் இழுவிசையிலும் நிற்கின்றன. பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்திரசேகரும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சௌத்ரியும் 1994இல் இத்துளி சிதறும் விந்தையைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். அவ்விருவரும் எஸ்டோனிய ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, துளியின் மேற்பரப்பில் உள்ள அமுக்கத் தகைவு 700 மெகாபாஸ்கல் அளவை எட்டுவதைக் காட்டியது. இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 7,000 மடங்காகும். மூன்றரை நூற்றாண்டுகள் விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட துளிக்குள் இத்துணைப் பெரிய விசை குடியிருந்தது.

அழித்து அறிந்தவர்கள்

பீரங்கி வார்ப்போர் இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அமெரிக்கப் படை அதிகாரி தாமஸ் ராட்மன் 1847இல் புதியதொரு வார்ப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பீரங்கிகளைத் திண்மமாக வார்த்துப் பின்னர்த் துளையிட்டு வந்தனர். ராட்மனோ உள்ளீடற்ற குழலாக வார்த்து, நடுவே நீரைச் செலுத்தி, உள்ளிருந்து வெளிநோக்கிக் குளிரச் செய்தார். பின்னர்க் குளிரும் புறப்பகுதி சுருங்கி, ஏற்கெனவே இறுகிய உட்பகுதியை அணைத்துப் பிடித்தது. வெடிமருந்து விரிக்க முயலும் குழலை எச்சத் தகைவு முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தது. பகையை நட்பாக்கிய வித்தை இது.

ஆனால், இருக்கிறது என்று உணர்வது வேறு. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது வேறு. உருசியாவைச் சேர்ந்த கலக்கூத்ஸ்கி, வார்ப்பிரும்பிலும் எஃகிலும் உள்ள அகத் தகைவுகளைப் பற்றிச் செய்த ஆய்வு 1888இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. உலோகத்தை வெட்டிப் பிரித்து, வெட்டியபின் அதன் அளவு எவ்வளவு மாறுகிறது என்று காண்பதே இத்தகைய ஆய்வுகளின் வழி. கயிற்றை அறுத்து, இழுப்பவர் எவ்வளவு தூரம் போய் விழுகின்றனர் என்று அளப்பது போன்றது இது. 1911ஆம் ஆண்டளவில் செருமானிய அறிஞர் எமில் ஹைன் தம் துணைவர் பவருடன் சேர்ந்து, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கம்பிகளின் புறத்தை அடுக்கடுக்காகச் சீவி எடுத்து, எஞ்சியதன் நீளம் மாறுவதை அளந்தார். 1934இல் மாத்தார் என்பார் சிறு துளையிட்டு அதனைச் சுற்றி ஏற்படும் உருமாற்றத்தை அளக்கும் முறையை வெளியிட்டார். காயம் சிறிதாயிற்று, எனினும் காயம் காயமே.

காயமின்றி அளக்கவும் ஒரு வழி பிறந்தது. 1912இல் லாவேயின் ஆய்வும் அதனைத் தொடர்ந்து பிராக் என்னும் தந்தையும் மகனும் செய்த ஆய்வும், எக்ஸ் கதிர்கள் படிகங்களில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அணுவரிசைகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்கலாம் என்று காட்டின. தகைவுக்கு உட்பட்ட உலோகத்தில் அத்தொலைவு சிறிது கூடும் அல்லது குறையும். எனவே அணுவரிசையே அளவுகோலாயிற்று. ஆனால், எஃகினுள் அக்கதிர்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு ஆழமே புகும். அதற்கும் கீழே உள்ளதை அறிய வேண்டுமாயின் மேற்பரப்பை மீண்டும் அரித்தெடுக்கத்தான் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. முழுமையாக அளந்த பொருளைப் பயன்படுத்த இயலாது. பயன்படுத்தப் போகும் பொருளை முழுமையாக அளக்க இயலாது. அளவாமலேயே அறிவதற்கு வழி உண்டா என்னும் வினா, கணக்கியலின் வாயிலைத் தட்டியது.

கடைசற் பட்டறையில் பிறந்த வினா

எச்சத் தகைவு வார்ப்பிலும் இழுப்பிலும் மட்டும் தோன்றுவதன்று. கடைசற் பொறியில் உலோகத்தைக் கடையும்போதும், துளையிடும்போதும், இழைக்கும்போதும் வெட்டுளி தான் சென்ற வழியில் ஒரு முத்திரையைப் பதித்துவிட்டே செல்கிறது. தொடக்க கால ஆய்வாளர்கள் அந்த முத்திரையைப் பெரிதாகக் கருதவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் வேகத்திலும் உளியின் ஆயுளிலுமே இருந்தது. பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 26 ஆண்டுகள் ஆய்வு நடத்தி, 800,000 பவுண்டுக்கும் மேற்பட்ட இரும்பையும் எஃகையும் சீவல்களாக்கி, உலோகம் வெட்டும் கலையைப் பற்றிய தம் பேருரையை 1906இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். எவ்வளவு விரைவாக வெட்டலாம் என்பது அவ்வுரையின் வினா. வெட்டியபின் பொருளின் உள்ளே என்ன எஞ்சுகிறது என்பது பின்வந்தோர்க்கு எழுந்த வினா.

1940களில் சின்சினாட்டி நகரில் எந்திரத் தொழிலகம் ஒன்றில் பணியாற்றிய யூஜின் மெர்ச்சன்ட், சீவல் பிரிவதன் விசையியலைத் தெளிவான வடிவ கணிதமாக்கினார். உளியின் முன்னே உலோகம் ஒரு சாய்தளத்தில் வழுக்கி, சீட்டுக்கட்டுச் சரிவதுபோல் அடுக்கடுக்காய்ச் சீவலாக மாறுகிறது என்பது அக்கொள்கையின் சாரம். 1945இல் வெளிவந்த அவருடைய கட்டுரைகளை இன்றும் பொறியியல் மாணவர் பயில்கின்றனர். எனினும் அக்கொள்கையின் நாயகன் சீவலே. பின்னே எஞ்சும் பரப்பு அதில் வெறும் மேடை.

அந்த மேடையை ஆராய்ந்தவர்களுள் முன்னோடி ஹென்ரிக்சன். எந்திரத்தால் வெட்டப்பட்ட பரப்புகளில் எஞ்சும் தகைவுகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1951இல் வெளிவந்தது. அதன்பின் நடந்த ஆய்வுகள் இரு காரணங்களைத் தெளிவுபடுத்தின. முதலாவது விசை. உளியின் முனை பரப்பை உழுது நீட்டுகிறது. நீண்ட மேலடுக்கை நீளாத உட்பகுதி மீண்டும் அமுக்குகிறது. அமுக்கத் தகைவு எஞ்சுகிறது. இரண்டாவது வெப்பம். உராய்வால் பல நூறு பாகை சூடேறிய மேலடுக்கு விரிய முயல்கிறது, குளிர்ந்த உட்பகுதி அதனைத் தடுத்து நசுக்குகிறது, பின்னர் ஆறும்போது நசுங்கிய அடுக்கு சுருங்கி இழுபடுகிறது, இழுதகைவு எஞ்சுகிறது. உளியின் ஒவ்வோர் ஓட்டத்திலும் இவ்விரண்டும் மல்லுக்கு நிற்கின்றன. எது வெல்லும் என்பதை உளியின் கூர்மை, வேகம், வெட்டின் ஆழம், உலோகத்தின் இயல்பு, குளிர்விக்கும் நீர்மம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இப்போர் நிகழும் களமோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கேயான மெல்லிய அடுக்கு.

1964இல் ஃபீல்டு, கால்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 'பரப்பின் செம்மை' என்னும் கருத்தை முன்வைத்தனர். ஒரு பரப்பு வழவழப்பாக இருந்தால் மட்டும் போதாது; அதன் அடியிலுள்ள அடுக்கும் நலமாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள். பட்டறையில் அதுவரை கண்ணும் விரலும் தீர்ப்பளித்து வந்தன. இனி அத்தீர்ப்பு செல்லாது என்று அக்கருத்து அறிவித்தது.

கணிப்பொறி வந்த கதை

ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இத்தனை காரணங்களையும் தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடல் இயலாத செயல். அதற்குத் துணையாக வந்த கணித முறை உலோகம் வெட்டுவோரிடமிருந்து வரவில்லை. வானூர்திச் சிறகு அமைப்போரிடமிருந்து வந்தது.

பெரிய பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கருத்தைக் கணித அறிஞர் ரிச்சர்டு கூரான்ட் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் காணலாம். 1950களில் ஐரோப்பாவில் ஆர்கிரிசும் அமெரிக்காவில் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் வானூர்தி அமைப்புகளைக் கணக்கிடும் பொருட்டு இவ்வழியில் நடந்தனர். நால்வரின் கட்டுரை 1956இல் வெளிவந்தது. 1960இல் கிளஃப் இதற்கு 'முடிவுறு கூறு முறை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். வயலை அளப்பவர் வளைந்து நெளிந்த நிலத்தைச் சிறு சிறு முக்கோணங்களாக்கி அளந்து கூட்டுவது போன்றதே இம்முறை. வேறுபாடு ஒன்றுண்டு. நிலத்தின் முக்கோணங்கள் அசையா. உலோகத்தின் கூறுகளோ அண்டைக் கூறுகளோடு மூலைகளில் பிணைந்து, ஒன்று நகர்ந்தால் மற்றவற்றையும் நகர்த்தும். எனவே ஆயிரக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். மனிதனுக்கு ஆயுட்காலம் போதாத அவ்வேலையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது.

1971இல் சப்பானிய அறிஞர்கள் ஒகுஷிமாவும் ககினோவும் வெட்டு விசையையும் வெப்பத்தையும் சேர்த்து எச்சத் தகைவை ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டனர். 1973இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் கிளமெக்கி தம் முனைவர் பட்டத்துக்காகச் சீவல் தோன்றும் தொடக்க நிலையை முடிவுறு கூறு முறையால் கணக்கிட்டார். 1982இல் உசுய், ஷிரகஷி ஆகிய சப்பானிய அறிஞர்கள், உலோக வெட்டின் இயலை விளக்கும் நிலையிலிருந்து முன்னுரைக்கும் நிலைக்கு உயர்த்த வேண்டும் என்னும் நோக்கோடு தம் ஆய்வை வெளியிட்டனர். ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்பதோடு அமையாது, என்ன நிகழும் என்று வெட்டுமுன்னே கூறுவதே அவர்கள் நாடியது.

உலோகம் வெட்டுவதைக் கணிப்பொறியில் நிகழ்த்திப் பார்ப்பது ஏன் கடினம்? பாலத்தின் தூண் சுமை ஏற்றால் மயிரிழை அளவே வளையும். வெட்டுளியின் முன் நிற்கும் உலோகமோ, கண்ணிமைக்கும் நேரத்தில் பன்னூற்றில் ஒரு பங்குக்குள் உருக்குலைந்து, சூடேறி, தாய்ப்பொருளைவிட்டுப் பிரிந்து, சீவலாய்ச் சுருள்கிறது. கணிப்பில் வரைந்த வலைப்பின்னல், கசக்கிய மீன்வலைபோல் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய வலையைக் களைந்து புதுவலை போட்டுக்கொண்டே கணக்கைத் தொடரும் முறையை மருசிச்சும் ஓர்ட்டிசும் 1995இல் வெளியிட்டனர். அத்தகைய வேகத்திலும் வெப்பத்திலும் உலோகத்தின் வலிமை எவ்வாறு மாறும் என்பதற்கும் ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. 1983இல் ஜான்சனும் குக்கும் ஐந்து மாறிலிகளைக் கொண்ட சமன்பாடொன்றை அளித்தனர். எறிபடை ஆய்வு மாநாட்டில் வெளியான அச்சமன்பாடு பின்னாளில் வெட்டுளியின் உலகில் நிலைபெற்றது. கண்ணாடித் துளியை ஆராய்ந்த சந்திரசேகரே, ஷி, யாங் ஆகியோருடன் சேர்ந்து 1990இல் வேகத்தையும் வெப்பத்தையும் கருத்திற்கொண்ட உலோக வெட்டுக் கணிப்பை வெளியிட்டார் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

படமும் மெய்யும்

1985இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டிரென்கோஸ்கியும் கேரலும் செய்த ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். அவர்கள் கணிப்பில் சீவல் தொடக்கம் முதல் முடிவு வரை உருவாகிப் பிரிந்தது. பிரிய வேண்டுமாயின் எந்த நிலையில் பிரிய வேண்டும் என்று கணிப்பொறிக்கு யாரேனும் சொல்ல வேண்டுமன்றோ? உருமாற்றம் இவ்வளவை எட்டியதும் பிரிக என்று ஓர் எல்லையை அவர்கள் வகுத்தனர். அவ்வெல்லையை 0.25 முதல் 1.0 வரை மாற்றி மாற்றி வைத்துக் கணக்கிட்டனர். விளைவு வியப்பளித்தது. சீவலின் வடிவமும் வெட்டு விசையும் பெரிதும் மாறவில்லை. ஆனால், வெட்டிய பரப்பில் எஞ்சிய தகைவு மாறியது.

இதன் உட்பொருள் ஆழமானது. ஒரு கணிப்பு, கண்ணுக்குத் தெரியும் சீவலைச் சரியாகக் காட்டலாம். உளி தாங்கும் விசையைச் சரியாகக் கூறலாம். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத எச்சத் தகைவைப் பிழையாகக் கூறலாம். திரையில் தோன்றும் படம் மெய்யான வெட்டைப்போலவே இருக்கிறது என்பது, படம் கூறும் அனைத்தும் மெய் என்பதற்குச் சான்றாகாது.

2007இல் உம்பிரெல்லோ, எம்சவூபி, ஔட்டெய்ரோ ஆகிய மூவர் இவ்வையத்தை மற்றொரு கோணத்தில் நிறுவினர். 316எல் என்னும் துருவேறா எஃகுக்கு வெவ்வேறு ஆய்வாளர்கள் அளித்திருந்த ஜான்சன் குக் மாறிலிகளின் ஐந்து தொகுதிகளைத் திரட்டி, ஒரே வெட்டை ஐந்து முறை கணக்கிட்டனர். எஃகு ஒன்றே, உளி ஒன்றே, வேகம் ஒன்றே. மாறிலிகள் மாறியபோது விடைகளும் மாறின. அவற்றுள் எச்சத் தகைவு பெரிதும் மாறியது. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. தனக்கு அளித்த எண்களுக்கு ஏற்ற விடையையே அது அளித்தது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைப்பதில்லை.

இக்குறையை அறிந்தோர் தம் ஆய்வைக் கைவிடவில்லை, செம்மைப்படுத்தினர். சசஹரா, ஒபிகவா, ஷிரகஷி ஆகியோர் 1996இல், ஒருமுறை வெட்டிய பரப்பை மீண்டும் வெட்டும்போது முதல் வெட்டின் எச்சம் இரண்டாம் வெட்டின் விளைவை மாற்றுவதைக் கணிப்பில் கொணர்ந்தனர். பட்டறையில் எந்தப் பொருளும் ஒரே வெட்டில் முடிவதில்லை. ஆதலின் கணிப்பும் பட்டறையை நோக்கி ஓரடி நெருங்கியது. உலக உற்பத்திப் பொறியியல் ஆய்வாளர் கழகம் 2011இல் வெளியிட்ட பேராய்வில், கடைதல், துருவல், சாணை பிடித்தல், மின்பொறி அரிப்பு ஆகிய தொழில்களில் உருவான பரப்புகளின் எச்சத் தகைவைக் கூட்டு முயற்சியாய் அளந்த முடிவுகளும், கணிப்பு முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட முடிவுகளும் இடம்பெற்றன. அளப்போரும் கணிப்போரும் ஒரே மேசையில் அமர்ந்தது நல்ல அறிகுறியாகும்.

விலை கொடுத்தோர்

ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கில் நிகழும் ஒன்றுக்காக இத்துணை முயற்சி தேவையா என்று எவரேனும் வினவலாம். அதற்கு 1996ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் விடையளித்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா விமான நிலையத்தில் எம்டி 88 வகைப் பயணிகள் விமானம் ஒன்று மேலெழுவதற்காக ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. அப்போது அதன் இடப்புற எந்திரத்தில், விசிறியைத் தாங்கும் டைட்டேனியக் குடம் உடைந்து சிதறியது. துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்துப் பயணியர் அமர்ந்திருந்த பகுதிக்குள் பாய்ந்தன. பயணியர் இருவர் மாண்டனர். அவர்கள் தாயும் மகனுமாவர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உடைந்த குடத்தை ஆராய்ந்தது. அதில் இருந்த துளை ஒன்றின் சுவரில், துளையிட்டபோதே உலோகத்தின் நுண்ணமைப்பு மாறியிருந்தது தெரியவந்தது. அந்த இடத்திலிருந்து சிறு கீறல் ஒன்று புறப்பட்டு, ஒவ்வொரு பயணத்திலும் இம்மியளவு வளர்ந்து, இறுதியில் குடத்தையே பிளந்துவிட்டது. இடையில் நடந்த சோதனையும் அக்கீறலைக் காணத் தவறியது. இங்கே குற்றம் எச்சத் தகைவு ஒன்றன்மேல் மட்டும் சார்ந்ததன்று. கடினப்பட்டுச் சிதைந்த அடுக்கே முதற்காரணம். ஆயினும் ஃபீல்டும் கால்சும் 1964இல் உரைத்த உண்மை இங்குத் துன்பமாய் மெய்ப்பட்டது. துளை உரிய அளவில் இருக்கலாம். பார்வைக்குக் குறையின்றி இருக்கலாம். அதன் சுவருக்கு அடியில் உளி விட்டுச்சென்றதே உயிரின் விலையை முடிவு செய்கிறது. அதன்பின் விமான எந்திரங்களின் சுழலும் உறுப்புகளில் துளையிடும் தொழில் கூடுதல் கண்காணிப்புக்கு உள்ளாயிற்று.

உயிர்ச்சேதம் இல்லாத இடத்திலும் இவ்விசை தன் கைவரிசையைக் காட்டும். விமானச் சிறகின் விலாச் சட்டங்களைப் பருத்த அலுமினியப் பாளத்திலிருந்து கடைந்தெடுக்கின்றனர். பாளத்தின் பெரும்பகுதி சீவலாய்ப் போக, எஞ்சுவது மெல்லிய சட்டமே. பாளத்தை வெந்நிலையிலிருந்து விரைந்து குளிர்வித்தபோது புகுந்த தகைவு, சுற்றியிருந்த உலோகம் நீங்கியதும் சமநிலை இழந்து சட்டத்தை வளைத்துவிடும். இதனைத் தடுக்கவே பாளங்களைக் கடைவதற்கு முன்பே சிறிது இழுத்து நீட்டி உள்விசையைத் தளர்த்துகின்றனர். மழைக்காலத்துத் தோட்டா உறைக்குச் செய்த மருத்துவத்தின் நோக்கமே இங்கும் நோக்கம், முறைதான் வேறு.

தீர விசாரித்தல்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று படிகள் தெரிகின்றன. முதற்படியில் உலோகம் உடைந்தது; உடைந்தபின் மனிதன் காரணம் தேடினான். இரண்டாம் படியில் அவனே உலோகத்தை அறுத்தும் துளைத்தும் அரித்தும் உள்ளிருப்பதை அளந்தான். மூன்றாம் படியில், வெட்டுவதற்கு முன்னரே எஞ்சப் போவதைக் கணிக்க முயன்றான். மூன்றாம் படி ஏறியதனால் இரண்டாம் படி தேவையற்றதாகிவிடவில்லை. கணிப்பின் மாறிலிகள் சோதனைச்சாலையிலிருந்தே பெறப்படுகின்றன. கணிப்பின் விடைகள் எக்ஸ் கதிரின் முன்னும் சிறு துளையின் முன்னும் நிறுத்தியே சரிபார்க்கப்படுகின்றன. அளவையைக் கைவிட்ட கணிப்பு ஓவியமே. கணிப்பைக் கைவிட்ட அளவையோ நடந்ததை மட்டுமே சொல்லும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. பளபளக்கும் பரப்பு கண்ணை ஏமாற்றியது ஒரு காலம். வண்ண வண்ணமாய்த் திரையில் தோன்றும் கணிப்புப் படமும் கண்ணை ஏமாற்றக்கூடும் என்பதை 1985இன் ஆய்வும் 2007இன் ஆய்வும் அறிவுறுத்தின. இரண்டையும் ஐயுற்று, ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சோதித்தவர்களே இத்துறையை வளர்த்தனர். இலாயத்தில் வெடித்த தோட்டா உறையைத் தலைவிதி என்று தள்ளிவிடாமல் காரணம் தேடிய மூவர் முதல், ஒரே எஃகை ஐந்து முறை கணக்கிட்டுத் தம் கருவியையே ஐயுற்ற மூவர் வரை, அனைவரும் செய்தது ஒரே செயல்தான். சாம்பலைக் கண்டு நெருப்பு அணைந்தது என்று எண்ணிவிடாமல், ஊதிப் பார்த்தார்கள்.